அல்பேனிய நாட்டுப்பாடல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் இசைக் கேட்பு வட்டத்தில் அல்பேனியப் பாட்டு எதைப் போட்டாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் நண்பர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எளிய கேள்விகள் மேலே, வம்பான கேள்விகள் கீழே.

அல்பேனியா எங்கே இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க.

கிரேக்கத்துக்கு வடக்கே, இத்தாலிக்கு எதிர்க்கரையில் இருக்கும் சின்ன மலைநாடு. தலைநகரம் திரானா. 1912 வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. அல்பேனிய மொழி பேசுகிறவர்கள் அந்த நாட்டுக்குள் மட்டும் இல்லை. கொசோவோ, வட மாசிடோனியா, மாண்டினீக்ரோ ஆகிய இடங்களிலும் பரவி இருக்கிறார்கள். பாட்டும் அப்படியே எல்லை தாண்டித்தான் இருக்கிறது.

வரைபடத்தில் ஷ்கும்பின் என்ற ஆற்றைத் தேடிப் பிடியுங்கள். நாட்டின் நடுவே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. அதற்கு வடக்கே இருப்பவர்கள் கெக் மக்கள், தெற்கே இருப்பவர்கள் தோஸ்குகள். தெற்கிலேயே தென்மேற்கு மலைப்பகுதிக்காரர்களை லாப் என்றும், அதற்கும் கீழே கிரேக்க எல்லையை ஒட்டி இருந்தவர்களைச் சாம் என்றும் சொல்வார்கள். பேச்சு வழக்கு ஆற்றின் இரு கரையிலும் மாறுகிறது. பாட்டு அதைவிட அதிகமாக மாறுகிறது. வடக்கே ஒரே குரல். தெற்கே பல குரல்கள் ஒன்றாக. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

"இசோ, இசோ"ன்னு சொல்றீங்களே, அது நம்ம சுருதிதானே?

பாதி சரி. ஒரே சுரம் விடாமல் கீழே ஒலித்துக்கொண்டிருக்கும், மேலே பாட்டு நகரும். அதுவரைக்கும் சுருதிதான். ஆனால் தம்புராவை நாம் பின்னணியாக வைக்கிறோம். பாடகர் அதை நம்பி நிற்கிறார், கேட்பவர் மறந்துவிடுகிறார். இசோ அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. ஐந்தாறு பேரோ அதற்கு மேலோ வாயால் பாடுவது அது. பாட்டின் ஒரு குரல் என்றே அதற்குப் பெயர். சில குழுக்களில் தனிக்குரல்களை அமுக்கிவிடும் அளவுக்குச் சத்தமாகவும் வரும்.

தோஸ்குகளிடம் இசோ இடைவெளி இல்லாமல் "எ" என்ற ஒலியில் ஓடும். எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விடமாட்டார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். யாரும் கை காட்டுவதில்லை. தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சு தெரிந்துவிடும். லாப் பகுதியில் சில பாட்டுகளில் இசோ நீளமாக இழுபடாமல், பாட்டின் சொற்களையே அதே ஒற்றைச் சுரத்தில் தாளத்தோடு சொல்லிக்கொண்டு போகும்.

மொத்தம் எத்தனை குரல்? யார் என்ன பண்றாங்க?

இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று வகை. இரண்டு குரல் பாட்டு தெற்கு முழுக்க உண்டு, அதிகமும் பெண்கள் பாடுவது. மூன்று குரல்தான் பரவலானது: தனிக்குரல் இரண்டு, கீழே இசோ. நான்கு குரல் லாப் மக்களிடம் மட்டும்.

முதலில் தொடங்குபவர் மர்ரெஸ். "எடுப்பவர்" என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியின் ஆரம்பத்தை அவர் தனியாகவே பாடுவார். அந்த ஓரிரு விநாடி மற்ற எல்லாரும் சும்மா நிற்பார்கள். பிறகு க்தியெஸ் நுழைவார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவர் அவர். அவர் நுழைந்த கணத்திலோ ஒரு நொடி தள்ளியோ இசோ மொத்தமாக வந்து விழும். நான்கு குரல் பாட்டில் ஹெதெஸ் என்று இன்னொருவர் இருப்பார். அவர் வேலை இடையில் ஒரு குரலை எறிவது.

கச்சேரி போல ஒரு முதன்மைப் பாடகர், மற்றவர்கள் பக்கவாத்தியம் என்ற கணக்கு இங்கே செல்லாது. மர்ரெஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் க்தியெஸ் வராத நாளில் அந்தப் பாட்டு இல்லை. இதுதான் எனக்கு இந்த இசையில் மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது: தெற்கத்திப் பாட்டைத் தனியாளாகப் பாட முடியாது. குளியலறையில் முணுமுணுத்தால் கிடைப்பது அதன் மூன்றில் ஒரு பங்குதான்.

ரெண்டாவது ஆள் பாடும்போது சுருதி விலகுதே. காதுல குத்துது. தப்பா பாடறாரா?

இல்லை. அந்தக் குத்தல் வேண்டுமென்றே வைக்கப்படுவது. க்தியெஸ் பல இடங்களில் இசோவுக்கு ஒரு முழுச்சுரம் கீழே இறங்கி அங்கேயே நிற்பார். இசோ ஸட்ஜத்தில் நிற்கிறது என்றால் இவர் கீழ் ஸ்தாயி கைசிகி நிஷாதத்தில் நிற்கிறார். இரண்டும் ஒன்றையொன்று உரசும். அந்த உரசலில் காற்று அதிர்வது போல ஒரு நடுக்கம் எழும். பாடுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். கொஞ்ச நேரம் உரசவிட்டுப் பிறகு இசோவில் வந்து கலந்துவிடுவார்.

நம் காது இதற்குப் பழகியதில்லை. நமக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், சுருதியோடு இழைந்தால்தான் சுகம். அதனால் முதல் இரண்டு மூன்று பாட்டு சங்கடமாகத்தான் இருக்கும். இதில் ஒரு வழி சொல்கிறேன்: மெட்டைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இசோவை மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து க்தியெஸ் எப்போது விலகுகிறார், எப்போது திரும்புகிறார் என்று கவனியுங்கள். மர்ரெஸ் தானாகக் காதில் விழுவார்.

ராகம்னு பார்த்தா எது மாதிரி?

தெற்கத்திப் பாட்டு பெரும்பாலும் ஐந்து சுரம், அரைச்சுர இடைவெளி இல்லாதது. மோகனம், மத்தியமாவதி, சுத்த சாவேரி, இந்தோளம், சுத்த தன்யாசி ஐந்தும் கிரக பேதத்தில், அதாவது ஆதார சுரத்தை மாற்றி வைத்தால், ஒன்றிலிருந்து ஒன்று வருகிற அதே குடும்பம். கேட்டால் சுத்த தன்யாசிதான் அதிகம் நினைவுக்கு வரும்.

ஆனால் ராகம் என்று பெயர் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு காது அதையே கேட்கும். சுரங்கள் பியானோவில் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போவதே பாதிப் பாட்டு. ஐந்து சுரத்தையும் தொடாமல் மூன்று நான்கிலேயே முடிந்துவிடும் லாப் பாட்டுகளும் உண்டு. ராகத்துக்கு அங்கே என்ன வேலை?

தோஸ்க் பாட்டையும் லாப் பாட்டையும் கேட்டு எப்படிப் பிரிக்கிறது?

தோஸ்க் பாட்டு நீளமாக இழையும். மெட்டு அகலமானது, வளைவுகள் நிறைய, அவசரம் கிடையாது. லாப் பாட்டு இறுக்கமானது. சொல்லுக்கு ஒரு சுரம் என்று வெட்டி வெட்டி வரும், மெட்டு குறுகலான இடத்திலேயே சுற்றும். எட்டு அசை கொண்ட வரி. கதை சொல்லும், வீரனைப் பேர் சொல்லிக் கூப்பிடும், சண்டை நடந்த ஊரைச் சொல்லும். அதோடு இசோவும் மேலே சொன்னபடி தாளத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், லாப்தான்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஜிரோகாஸ்தர் நகரத்துப் பெரியவர்களின் பாணி ஒன்று இருக்கிறது. அதில் க்தியெஸ் கள்ளக்குரலில், பெண் குரலுக்கும் மேலே போய்ப் பாடுவார். ஜெவாத் அவ்தல்லி அந்த இடத்தில் பேர் போனவர். வெள்ளை மீசைக் கிழவர் ஒருவரிடமிருந்து அந்தக் குரல் வருவதை ஒளிப்பதிவில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஹிமாரா கடற்கரைப் பாட்டு இன்னொன்று. நேச்சோ மூகோ என்பவர் 1930வாக்கில் பாரிஸுக்குப் போய் இசைத்தட்டு கொடுத்தவர். அவர் போட்ட வழியில் அந்தப் பாட்டு நகரத்து இனிமையோடு நெகிழ்ந்து வரும். முதன்முதலில் கேட்கிறவர்களுக்கு நான் ஹிமாராவைத்தான் போடுவேன். காதைக் கடிக்காது.

ஏன் எல்லாப் பாட்டும் ஒப்பாரி மாதிரியே இருக்கு?

எல்லாம் ஒப்பாரி இல்லை. கல்யாணப் பாட்டு, அறுவடைப் பாட்டு, காதல், கேலி எல்லாம் உண்டு. சறுக்கும் சுரமும் உரசும் குரலும் நமக்கு அழுகையாகக் கேட்கிறது, அவ்வளவுதான். அதே மெட்டில் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள்.

ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒப்பாரி இந்த இசையின் வேரில் இருக்கிறது. தெற்கில் சாவு வீட்டில் பெண்கள் பல குரலில் ஒப்பாரி வைப்பார்கள். சாம் மக்களுடைய செலோ மெஸானி என்பவரைப் பற்றிய பாட்டு அப்படிப் பிறந்ததுதான், இன்று ஆண்கள் மேடையிலும் பாடுகிறார்கள். வடக்கே துக்காஜின் மலைப்பகுதியில் ஆண்களே கூட்டமாக மாரில் அடித்துக்கொண்டு அழும் வழக்கம் இருந்தது. அதற்கு ஜாமா என்று பெயர். சாவு வீட்டுக்கு வரிசையாக நடந்து வந்து, பிணத்துக்குக் கொஞ்ச தூரத்தில் நின்று, ஒரே குரலில் அடித்தொண்டையில் கூப்பிட்டு அழுவார்கள். அதைப் பாட்டு என்பதா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொள்ளட்டும்.

இன்னொரு பெரிய துக்கம் குர்பெத். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவதற்கு அங்கே அதுதான் சொல். இஸ்தான்புல், அமெரிக்கா, பிறகு ஏதென்ஸ், மிலான் என்று தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். போனவனை நினைத்துத் தாயும் மனைவியும் பாடுவதாக அமைந்த பாட்டுகள் தோஸ்க் பகுதியில் ஏராளம்.

பொம்பளைங்க பாடறதில்லையா? வீடியோவுல எல்லாம் மீசைக்காரங்களாவே இருக்காங்க.

மேடைக்கு வந்தது ஆண்கள், அதனால் கேமராவில் விழுந்ததும் அவர்கள். வீட்டுக்குள் பெண்கள் எப்போதும் பாடினார்கள். ப்ரெஸ்பா ஏரிக்கரை அல்பேனியர்களின் கல்யாணங்களில் ஆண்கள் ஒரு இடத்திலும் பெண்கள் ஒரு இடத்திலும் தனித்தனியாக உட்கார்ந்து பாடுவது வழக்கமாக இருந்தது. வந்திருக்கிற ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் அழைத்த வீட்டுக்குக் காட்டும் மரியாதை. "எனக்குக் குரல் சரியில்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆண்கள் பந்தியில் ராக்கி என்ற சாராயம் ஏற ஏறப் பாட்டு கனத்துவிடும். பெண்கள் தணிந்த குரலில் பாடுவார்கள்.

வடக்கிலும் கொசோவோவிலும் பெண்களுக்கு என்று ஒரு வித்தை இருக்கிறது. பெரிய வட்டமான அடுப்புத் தட்டைக் குத்துவாக்கில் நிறுத்திப் பம்பரம் போலச் சுழலவிடுவார்கள். அது "ர்ர்ர்" என்று சுழலும் ஓசையை அடித்தளமாக வைத்து, அதன் விளிம்புக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ப் பாடுவார்கள். தட்டு தெப்ஸி, அதே பாத்திரத்தில்தான் மறுநாள் பலகாரமும் வேகும். கையில் டெஃப் என்கிற கஞ்சிரா இருந்தால் அதைத் தட்டிப் பாடுவதும் உண்டு.

வடக்கே பல குரல் இல்லைன்னா, என்னதான் பாடறாங்க?

ஒருவர், ஒரு வாத்தியம், நீளமான கதை. வடமலைகளின் பெரிய சொத்து லாஹூத்தா. மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய குடம், நீளக் கழுத்து, குதிரைவால் மயிரில் ஒற்றைத் தந்தி, வில். கழுத்தின் உச்சியில் ஆட்டுத்தலை செதுக்கியிருப்பார்கள். உட்கார்ந்து மடியில் நிறுத்தி, தந்தியைக் கைவிரல் நகத்தருகே தொட்டு வாசித்துக்கொண்டே பாடுவார் பாடகர். இரவெல்லாம் போகும்.

இன்னொன்று சிஃப்தெலி. இரண்டு தந்தி, நீளக் கழுத்து, சின்ன உடம்பு. ஒரு தந்தியில் மெட்டு, மற்றது பெரும்பாலும் சும்மா ஒலித்துக்கொண்டிருக்கும். அதன் அண்ணன் ஷர்க்கி, தந்தி கூடுதல். கொசோவோவில் இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாடும் குழுக்கள் இன்றும் ஊருக்கு ஊர் உண்டு. தெற்கில் தனியாளாகப் பாட முடியாது என்று மேலே சொன்னேன் இல்லையா, வடக்கு அதற்கு நேர் எதிர். மலைக்குமேல் தனியாக இருக்கிற ஒருவனே போதும்.

சிலர் காதுல விரலை விட்டுட்டுக் கத்தறாங்களே, அது என்ன?

அது மாயெக்ராஹி. வடமலைப் பாணி. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் செய்தி கூவிச் சொன்ன பழக்கத்தோடு உறவு உள்ள பாட்டு. அதனால் குரல் முழு வேகத்தில் வரும். ஒரு கையைக் காதில் வைத்து மறு கையைப் பிடரியில் கொடுப்பார்கள். காதை மூடினால் அத்தனை சத்தத்திலும் தன் குரல் தனக்குக் கேட்கும். ஒலிபெருக்கி வைத்த அரங்கில் அதைப் பாட வைப்பது கொடுமை என்பது என் கருத்து.

லாஹூத்தாவில் பாடற கதை என்ன? செர்பியர்கள் குஸ்லே வாசிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானா?

கதைகளின் நடுவில் இருப்பவர்கள் முயி, ஹலில் என்ற இரண்டு சகோதரர்கள். முயி சின்ன வயதில் ஆடு மாடு மேய்க்கிறவன், நோஞ்சான், எல்லாரும் அடிப்பார்கள். ஒருநாள் மலையில் ஸானா என்னும் தேவதைகளின் குழந்தைகள் தொட்டிலில் அழுதுகொண்டிருக்க, அவன் ஆட்டித் தூங்க வைக்கிறான். என்ன வேண்டும் என்று தேவதைகள் கேட்க, பலம் வேண்டும் என்கிறான். தங்கள் பாலைக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் அடிக்கவில்லை. எல்லைப்புறச் சண்டை, பெண் கவர்தல், பழி என்று கதைகள் அங்கிருந்து கிளைக்கின்றன. முயியின் மனைவி அய்கூனா மகன் செத்ததற்கு அழும் பகுதி ஒன்று உண்டு. மகன் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தும் தனக்குத் தகவல் சொல்லவில்லையே என்று நிலவைச் சபிப்பாள்.

குஸ்லேயும் ஒற்றைத் தந்திதான். போஸ்னிய முஸ்லிம் கதைப்பாடல்களிலும் இதே சகோதரர்கள் கிட்டத்தட்ட இதே பேரில் வருகிறார்கள். இரண்டு மொழியிலும் பாடத் தெரிந்த பாடகர்கள் எல்லைப் பகுதிகளில் இருந்தார்கள். இன்றைய செர்பியாவில் இருக்கும் நோவி பஸாரில் 1930களில் மில்மன் பாரி என்ற ஆய்வாளர் பதிவு செய்த சாலிஹ் உக்லியானின் அப்படிப்பட்டவர். எழுத்தில்லாமல் ஆயிரக்கணக்கான வரிகளை எப்படிப் பாட முடிகிறது, ஹோமர் காவியங்களும் அப்படித்தான் பிறந்தனவா என்று தேடிப் போனவர் பாரி. அவர் 1935இல் இறந்த பிறகு, 1937இல் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் வட அல்பேனிய மலைகளுக்கே போய்க் கதைப்பாடல்களைச் சேர்த்தார். பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் அதற்கு முன்பே சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சந்தையில், ஒரே சத்திரத்தில் உட்கார்ந்து கேட்ட பாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது.

தெற்கத்திப் பாட்டுக்கு வாத்தியமே கிடையாதா?

பல குரல் பாட்டுக்கு வேண்டாம். ஆனால் தெற்கு நகரங்களில், பெர்மெத், லெஸ்கோவிக், கோர்ச்சா பக்கம், சாஸெ என்ற குழு உண்டு. கிளாரினெட், வயலின், லவுத்தா என்ற தந்தி வாத்தியம், டெஃப், பிறகு வந்து சேர்ந்த அக்கார்டியன். ரோமா (ஜிப்சி) இனத்து வாத்தியக்காரர்கள் இதில் நிறைய. இந்தக் குழு செய்தது அழகான வேலை: பல குரல் பாட்டின் வேலைப் பங்கீட்டை அப்படியே வாத்தியத்துக்கு மாற்றிவிட்டது. கிளாரினெட் எடுக்கும், வயலின் திருப்பும், மற்றவை இசோ பிடிக்கும்.

இவர்களுடைய உச்சம் காபா. தாளமில்லாமல் கிளாரினெட் தனியாகத் தொடங்கும், விம்மும், உடையும், கீழே சறுக்கி விழும். அடியில் மற்ற வாத்தியங்கள் ஒரே சுரத்தில் நிற்கும். ஒப்பாரியிலிருந்து வந்தது என்று கேட்டவுடன் தெரியும். கடைசியில் திடீரென்று தாளம் பிறந்து ஆட்டமாக மாறிவிடும். பெர்மெத்தின் லவேர் பாரியு வாசித்த காபாவை ஒரு தடவை கேளுங்கள். அவர் 2014இல் காலமானார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்க நேரம் என்றால் அவரைக் கேளுங்கள்.

ஷ்கோதர் பாட்டுன்னு ஒண்ணு கேட்டேன், அது இதுல எதுலயும் சேரலையே?

அது நகரப் பாட்டு. வடக்கே ஷ்கோதர், நடுவில் எல்பசான், பெராத் ஆகிய ஊர்களின் ஒட்டோமான் காலத்து இசை. தாளம், ராக வழி எல்லாம் துருக்கிய மக்காம் சாயல் கொண்டவை. மரியே க்ராயா, தெஃப்தா தாஷ்கோ கோச்சோ ஆகியோர் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல இசை, ஆனால் வேறு கதை.

இசோன்னு பேரே பைசாந்தியத் தேவாலயத்துல இருக்கு. அப்ப இது சர்ச்சுலேர்ந்து வந்ததுதானே?

பேர் அங்கிருந்து வந்தது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுப் பாடலில் கீழே பிடிக்கும் சுரத்துக்கு இசோன் என்று பேர், உண்மைதான். பொருளும் அங்கிருந்துதான் வந்ததா என்பது வேறு. தேவாலயத்தில் இசோன் பிடித்ததற்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போவதில்லை. கிராமத்துப் பாட்டு அதைவிடப் பழையது, தேவாலயம்தான் கிராமத்திடமிருந்து எடுத்துக்கொண்டது என்று வாதிடுகிறவர்கள் அல்பேனியாவில் உண்டு. அரைச்சுரம் இல்லாத ஐந்து சுர அமைப்பும் பைசாந்திய இசையோடு ஒட்டுவதில்லை.

லாப் மலையில் முஸ்லிம் ஊரும் ஆர்த்தடாக்ஸ் ஊரும் ஒரே மாதிரிதான் பாடுகின்றன. ஜார்ஜியா, சார்டீனியா, மேற்கு பல்கேரியா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மலைநாடுகளிலும் கீழ்க்குரல் பிடித்துப் பாடும் வழக்கம் இருக்கிறது. பேரை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது.

நான் கேட்ட பதிவுல "கிரேக்கப் பாட்டு"ன்னு போட்டிருந்துதே, ஏமாத்தறாங்களா?

ஏமாற்று இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் எபிரஸ் பகுதியில், குறிப்பாகப் போகோனி ஊர்களில், கிரேக்க மொழியில் இதே பல குரல் பாட்டு உண்டு. அல்பேனியாவுக்குள் இருக்கும் கிரேக்க ஊர்களிலும் உண்டு. அரோமானியர்கள் என்ற இன்னொரு பால்கன் இனத்தவரும் தங்கள் மொழியில் பாடுகிறார்கள். அங்கேயும் எடுப்பவர், திருப்புபவர், இசோ பிடிப்பவர் என்று அதே பங்கீடு. முதலில் சொன்ன கீழ்ச்சுர உரசலும் உண்டு.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அந்த எல்லை பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆய்வு செய்து, தனித்தனியாக "எங்களுடையது" என்று எழுதி வைத்தார்கள். மொழியைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். மெட்டை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் தோற்பீர்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி இதை அழிச்சுதா, காப்பாத்துச்சா?

இரண்டும். அந்த ஆட்சியின் தலைவர் என்வர் ஹோஜாவின் சொந்த ஊர் ஜிரோகாஸ்தர். அங்கே மலைக்கோட்டையில் தேசிய நாட்டுப்புற விழா 1968இல் தொடங்கியது, ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று ஆனது. ஒவ்வொரு மாவட்டமும் குழு அனுப்ப வேண்டும் என்பதால் குக்கிராமத்துப் பாடகர்கள்கூட மேடைக்கு வந்தார்கள், பதிவானார்கள். இன்று நாம் கேட்கும் நல்ல பதிவுகளில் பாதி அந்தக் காலத்தவை.

விலை என்ன? 1967இல் மதமே தடை செய்யப்பட்டது; மதம் சம்பந்தப்பட்ட பாட்டு போயிற்று. கட்சியையும் தலைவரையும் புகழும் சொற்கள் பழைய மெட்டில் ஏறின. லாப் பாட்டு வீரனைப் பேர் சொல்லிப் புகழும் பாட்டு என்றேன் அல்லவா, அதனால் அதில் அந்த மாற்றம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சில பதிவுகளைக் கேட்டு உருகிவிட்டு, பிறகு பாட்டின் பொருளைத் தேடிப் பார்த்தால் கூட்டுப்பண்ணைச் சாதனை. குரல்கள் என்னவோ அபாரம்! எனக்கு இன்னும் அவற்றைக் கேட்கப் பிடிக்கும்.

யுனெஸ்கோ அங்கீகாரம் 2005ஆ 2008ஆ? ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருக்கு.

இரண்டும் சரி. 2005இல் வாய்மொழி மரபுகளின் தலைசிறந்த படைப்பு என்று அறிவித்தார்கள். 2008இல் அப்படி அறிவித்த 90 மரபுகளையும் புதிய பட்டியலுக்கு மாற்றினார்கள். பட்டியலில் இருப்பது தெற்கத்திப் பல குரல் பாட்டு.

துவா லிப்பா அல்பேனியப் பொண்ணுதானே? அவங்க பாட்டுல இது இருக்கா?

அந்தப் பாப் பாடகியின் பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள், அவர் பிறந்தது லண்டனில். பாட்டில் இசோ தேடாதீர்கள், கிடைக்காது. இன்றைய இசையில் இந்த வேர் தெரிய வேண்டும் என்றால் எலினா தூனியைக் கேட்கலாம். நாட்டுப்பாடல்களை ஜாஸ் குழுவோடு பாடுகிறவர்.

இப்பவும் பாடறாங்களா, இல்ல அருங்காட்சியகச் சரக்கா?

பாடுகிறார்கள். பிலூர் என்ற மலையூரின் குழுவுக்கு இன்றும் நல்ல பேர். ஜிரோகாஸ்தர் விழா 2015இலும் 2023இலும் நடந்தது. ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்து 1991க்குப் பிறகு ஊர்கள் காலியானது உண்மை. கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் இளைஞர்கள் அலையலையாகப் போனார்கள். மற்ற நாட்டுப்பாட்டுகளுக்கு ஒரு கிழவி மிஞ்சினாலும் போதும், அவர் பாடிக் காட்டிவிடுவார். இதற்கு ஒரு ஊரில் குறைந்தது மூன்று நான்கு பேர், ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிந்தவர்களாக, ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மர்ரெஸ் ஏதென்ஸில், க்தியெஸ் மிலானில் இருந்தால் கிறிஸ்துமஸுக்கோ பைராம் என்கிற ஈத் பெருநாளுக்கோ ஆகஸ்ட் விடுமுறைக்கோ சேர்ந்தால்தான் பாட்டு. வீட்டுக்குள் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது குறைந்து, தொழில்முறைக் கலைஞர்கள் வழியாகப் போவது கூடிவிட்டது. யுனெஸ்கோவும் அதைத்தான் கவலையாகக் குறித்திருக்கிறது.

கல்யாணங்களில் கீபோர்டும் கிளாரினெட்டும் சேர்ந்த அதிரடிப் பாட்டுதான் இப்போது அதிகம். அதையும் ரசிக்கிறவர்கள் பாடட்டும். ராக்கி இறங்கிய பிறகு மேசையில் நாலு பெரியவர்கள் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பழையதைத் தொடங்குவது இன்னும் நடக்கிறது.

நாங்க நாலு பேர் சேர்ந்து சும்மா பாடிப் பார்க்கலாமா?

தாராளமாக. வட்டமாக நெருங்கி நில்லுங்கள், வரிசையாக வேண்டாம். முதலில் இரண்டு பேர் "எ" என்று ஒரு சுரத்தைப் பிடியுங்கள். உதட்டை அதிகம் திறக்காதீர்கள், அதிர்வு மூக்குப் பக்கம் வரட்டும். மூச்சை மாற்றி மாற்றி வாங்கி, ஒலி அறாமல் ஐந்து நிமிடம் நிறுத்த முடிகிறதா பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது நிமிடத்தில் சுருதி கீழே இறங்கிவிடும், யாராவது சிரித்துவிடுவார்கள்.

அது நிலைத்த பிறகு மூன்றாமவர் சுத்த தன்யாசி சுரங்களில் ஒரு சின்ன வரியை மேலிருந்து கீழே இறக்கி இசோவில் சேரட்டும். நாலாமவருக்குத்தான் கஷ்டமான வேலை. இசோவுக்கு ஒரு முழுச்சுரம் கீழே போய் நிற்க வேண்டும். நம் பயிற்சி அவரை உடனே ஸட்ஜத்துக்கு இழுக்கும். இழுக்க விடாமல் மூன்று எண்ணும் வரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு காதை மூடிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இசோ பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்; குறைக்கவே கூடாது.